சனிக்கிழமைப் பொட்டலங்கள்

சனிக்கிழமை மத்தியானம் அம்மா போன் செய்தபோது துவார்த்தே கழுத்துவரை போர்வைக்குள் கிடந்தான். எங்கே இருக்கிறாய் என்று அவள் கேட்டதும் மனதைக் கேட்காமலே வாய் பதில் சொல்லிவிட்டது.

"ஃப்ரைபுர்க்ல இருக்கேம்மா."

"ஃப்ரைபுர்க்கா? அது ஜெர்மனியில்ல?"

"ஆமா. எல்லையைத் தாண்டுனா வந்துடும். ஃப்ரெண்ட்ஸோட வந்தேன்."

போனில் அம்மாவின் குரல் விலகிப்போனது. அழுகிறாளோ என்று அவன் பயந்தான். அவள் அழவில்லை, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போர்ச்சுகலின் வடகோடியில் மிராந்தெலா என்ற சிற்றூரிலிருந்து, நீர்ப்பொறியியல் படிக்க ஒரு வருஷத்துக்கு ஸ்ட்ராஸ்பூர்க் வந்தவன் துவார்த்தே. வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. விடுதி, வகுப்பு, சூப்பர் மார்க்கெட் ஆகிய மூன்றைத் தவிர வேறொன்றையும் அவன் பார்க்கவில்லை. பிரெஞ்சில் நாலு பக்கம் தப்பில்லாமல் எழுதுவான், ரொட்டிக் கடையில் மட்டும் விரலை நீட்டித்தான் வாங்குவான். திங்கட்கிழமை காலையில் வகுப்பே ப்ராக் போனேன், மிலான் போனேன் என்று பேசிக்கொண்டிருக்கும்போது இவன் குனிந்து ஷூ லேஸ் கட்டுவான். அவிழாத லேஸை இத்தனை தடவை கட்டியவன் அந்தக் கல்லூரியில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கிராசா தனியாளாக, வீட்டுப் பின்கட்டில் சாசேஜ் செய்து புகை போட்டுச் சந்தையில் விற்று மகனைப் படிக்கவைத்தவள். அவள் பார்த்த ஒரே வெளிநாடு ஸ்பெயின், அதுவும் எல்லை தாண்டி மிட்டாய் வாங்கி வரப் போனது. மகன் ஐரோப்பா முழுக்கப் பார்க்கப்போகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். அவனோ விடுதியின் கூரையை முழுக்கப் பார்த்து முடித்திருந்தான்.

யார் அந்த ஃப்ரெண்ட்ஸ் என்று அம்மா கேட்டாள். துவார்த்தே யோசித்தான். எந்த நாட்டுப் பேரைச் சொன்னாலும் அங்கே மிராந்தெலாக்காரர் ஒருவர் கொத்தனாராகவோ சமையல்காரராகவோ இருப்பார், அம்மா விசாரித்துவிடுவாள். ஊர்க்காரர் யாரும் இல்லாத நாடு ஃபின்லாந்து ஒன்றுதான்.

"யூஹானின்னு ஒரு பையன். ஃபின்லாந்து."

"நல்லா சாப்பிடுவானா?"

"நல்லா சாப்பிடுவாம்மா."

போட்டோ அனுப்பச் சொன்னாள். இணையத்தில் கிடைத்த ஃப்ரைபுர்க் சந்தைச் சதுக்கத்தை அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் பார்த்தான், படத்தில் எல்லோரும் அரைக்கைச் சட்டையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். அப்போது அக்டோபர் கடைசி, ஜன்னலுக்கு வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நல்ல வெயில்போலிருக்கு, இருந்தாலும் குல்லா போட்டுக்கோ என்று அம்மா பதில் போட்டிருந்தாள்.

அடுத்த வாரம் கொல்மார், அதற்கடுத்த வாரம் ஹைடல்பெர்க் என்று துவார்த்தே படுத்த இடத்திலிருந்தே பயணம் போனான். யூஹானி வாராவாரம் வளர்ந்தான். அவனுக்கு ஒரு தங்கை வந்தாள், சூப் என்றால் உயிர் என்றாயிற்று, தொண்டை கொஞ்சம் பலவீனம் என்றும் ஆயிற்று. மகனுக்கு முன்னால் யூஹானியை விசாரிக்கும் அளவுக்கு அம்மா போய்விட்டாள்.

நாலாவது வாரம்தான் வினை வந்தது.

"ஊர் ஊரா சுத்துற. அப்படியே லக்சம்பர்க் போய் சுல்மீரா சித்திக்குக் கொஞ்சம் அல்யெய்ரா குடுத்துட்டு வந்துடேன். பாவம், வாய் செத்துக் கிடக்கா."

அல்யெய்ரா என்பது கோழிக்கறியும் ரொட்டியும் பூண்டும் போட்டு அம்மா செய்யும் சாசேஜ். ஊரிலிருந்து வாராவாரம் கிளம்பும் வேன் ஒன்று அதைக் கொண்டுவந்து, ஸ்ட்ராஸ்பூர்க் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் தொமீங்கோஸின் காப்பிக் கடையில் இறக்கிவிடும், வாங்கிக்கொண்டு போனால் போதும் என்றாள். சுல்மீரா அம்மாவின் சித்தப்பா மகள்.

பரீட்சை இருக்கிறது என்று துவார்த்தே சொல்லிப்பார்த்தான். சாசேஜ் ஒரு வாரம் கெடாது என்றாள் அம்மா. யூஹானிக்குச் சளி, அவனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றான். இதைச் சொன்னதுதான் தப்பு. அம்மா மறுநாளே கூப்பிட்டாள். அந்தப் பிள்ளைக்குச் சரியாகட்டும், ரெண்டு பேருமாகவே போங்கள், ரெண்டு பேருக்கும் சமைக்கச் சொல்லிவிட்டேன், சுல்மீரா போட்டோ எடுத்து அனுப்புவாள் என்றாள்.

இனி சாசேஜோடு ஒரு ஃபின்லாந்துக்காரனையும் கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

தொமீங்கோஸின் கடையிலிருந்து பொட்டலம் வந்த அன்று விடுதி முழுக்கப் பூண்டு வாசனை. துவார்த்தே ஜன்னலைத் திறந்துவைத்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது கதவைத் தட்டினார்கள். எதிர் அறைப் பையன். ஒன்றரை மாதமும் தாண்டி இரண்டரை ஆகியும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்ததில்லை. கரிக்கட்டை நிறத்தில் தலைமுடி, நடுவில் சேர்ந்துகொண்ட புருவம், வயதுக்கு மீறிய மீசை.

என்ன வேகுது என்று கேட்டான். எதுவும் வேகவில்லை, வாசனைதான் என்றான் துவார்த்தே. அவன் பெயர் பிளாமென், பல்கேரியாவில் ப்ளோவ்திவ் ஊர்க்காரன், சட்டம் படிக்க வந்தவன். நின்ற நிலையில் இதையெல்லாம் சொன்னான், பிறகு உட்கார்ந்து மீதியைச் சொன்னான். இங்கே வந்ததிலிருந்து பேச ஆளில்லை என்றான். சனிக்கிழமைகளில் என்ன செய்வாய் என்று துவார்த்தே கேட்டான். துணி துவைப்பேன், காயாவிட்டால் மறுபடி துவைப்பேன் என்றான் பிளாமென்.

துவார்த்தே அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"டேய், இந்தச் சனிக்கிழமை நீ ஃபின்லாந்துக்காரனா இருக்க முடியுமா?"

"எத்தனை மணிக்கு?" என்றான் பிளாமென்.

ரயிலில் போகும்போதே துவார்த்தே ஒரே ஒரு விதி சொல்லிக்கொடுத்தான். ஃபின்லாந்துக்காரர்கள் அதிகம் பேசமாட்டார்களாம், அதனால் நீ வாயே திறக்கக் கூடாது. சாப்பிடத் திறக்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மிச்சமிருந்த இரண்டு மணி நேரமும் பிளாமென் பேசித் தீர்த்தான். அவனுடைய மாமாவின் விவாகரத்து வழக்கு மெட்ஸ் நிலையத்தில் தொடங்கி லக்சம்பர்க் வந்தும் முடியவில்லை.

சுல்மீரா எஷ் என்ற ஊரில் இருந்தாள். உருவம் சின்னது, குரல் பெரிது. இருவரையும் கன்னத்தில் மாறிமாறி முத்தமிட்டு உள்ளே இழுத்தவள், பிளாமெனின் மீசையில் வந்து நின்றாள்.

"ஃபின்லாந்துல இவ்வளவு கறுப்பாவா இருக்கும் முடி?"

"இவன் தெற்கு ஃபின்லாந்து, சித்தி" என்றான் துவார்த்தே.

அவள் அதை ஏற்றுக்கொண்டாள். சூப் வந்தது, உப்புக் கருவாட்டில் செய்த பொரியல் வந்தது, பிளாமென் தன் விதியைக் காப்பாற்றி இரண்டுக்கும் வாயைத் திறந்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று துவார்த்தே மூச்சுவிட்டபோது வாசல் மணி அடித்தது. சுல்மீரா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தில் பிறந்தநாள் பரிசை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கும் சிரிப்பு.

"பாவம், அந்தப் பிள்ளை தாய்மொழி பேசி எத்தனை நாளாச்சோ. நான் சமையல் செய்யுற வீட்டம்மா ஃபின்லாந்துதான். வரச்சொல்லியிருக்கேன்."

உள்ளே வந்தது காரினா என்ற உயரமான பெண்மணி. அறுபதை நெருங்கிய வயது, கையில் ஒரு பூந்தொட்டி. அதை மேசைமேல் வைத்தாள். பிளாமெனுக்கு எதிரே உட்கார்ந்து, நீளமாக எதையோ தன் மொழியில் கேட்டாள்.

பிளாமென் அவளைப் பார்த்தான். மெதுவாகத் தலையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தாள். பிளாமெனும் மழையைப் பார்த்தான். துவார்த்தே கருவாட்டை மெல்லாமலே விழுங்கினான். சுல்மீரா இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, இரண்டு முகத்தையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றாள். வெகு நேரம் கழித்து காரினா ஒற்றை வார்த்தை சொன்னாள். பிளாமெனுக்கு என்ன தோன்றியதோ, அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு விட்டான். அவளும் விட்டாள். காப்பி வந்தது. குடித்தார்கள். மழை விட்டது.

கிளம்பும்போது காரினா பிளாமெனின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னாள்:

"இந்த ஊருக்கு வந்ததுலருந்து இவ்வளவு நிம்மதியா நான் யார்கிட்டயும் பேசுனதில்லை."

சுல்மீரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் ரயிலில் பிளாமென் எல்லையைத் தாண்டும்வரை வாய் திறக்கவில்லை. அந்தம்மா கண்டுபிடித்துவிட்டாளா இல்லையா என்று துவார்த்தே கேட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் பிளாமென், தெரியவில்லை, ஆனால் நான் நன்றாகப் பேசுகிறவன் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான் என்றான்.

சுல்மீரா அம்மாவுக்குப் போன் செய்து யூஹானியை வானளாவப் புகழ்ந்துவிட்டாள். விளைவாக அடுத்த பொட்டலம் வந்தது. இது சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரத்தில் கட்டட வேலை செய்யும் அபீலியோவுக்கு, துவார்த்தேயின் ஞானத்தகப்பனுக்கு. கூடவே சுல்மீரா கொடுத்தனுப்பிய சீமைமாதுளை அல்வா ஒரு பாறை கனத்துக்கு இருந்தது. வேனே பாசெல் போகாதா என்று துவார்த்தே கேட்டான். வண்டிக்காரர் ஸ்ட்ராஸ்பூர்க்கோடு திரும்பிவிடுகிறாராம், பாவம் வயசாகிவிட்டது என்றாள் அம்மா.

எல்லைக்கு முந்தின நிறுத்தத்தில்தான் சட்ட மாணவனுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. சுவிட்சர்லாந்துக்குள் ஓர் அளவுக்கு மேல் இறைச்சி கொண்டுபோனால் தீர்வை கேட்பார்கள். பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். அம்மா அபீலியோவின் முழுக் கட்டடத்துக்கும் சேர்த்து அனுப்பியிருந்தாள். சேன் லூயி நிலையத்தில் இறங்கிவிட்டார்கள்.

அதிகமானதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றான் பிளாமென். அம்மா செய்ததைத் தூக்கிப் போடுவதா? துவார்த்தேக்கு முகம் சிவந்துவிட்டது. நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை திறந்திருந்தது. ரொட்டிக் கடையில் விரல் நீட்டியவன் அங்கே நேராக உள்ளே போய், கல்லாவில் இருந்த அம்மாளிடம் பிரெஞ்சில் முழுக் கதையையும் சொன்னான். இது என் அம்மா செய்தது, எல்லை தாண்டினால் தீர்வை, எறிய மனமில்லை, கொஞ்சம் வறுத்துத் தருவீர்களா, உங்களுக்கும் பங்கு உண்டு. சொல்லி முடித்தபோதுதான் தான் பேசியதையே கவனித்தான். கடையில் இருந்த மொத்தப் பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் அடுப்பை மூட்டினாள். கொஞ்ச நேரத்தில் மேசைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. ஒரு தபால்காரர், சைக்கிள் பந்தயத்துக்குப் போய்க்கொண்டிருந்த நாலு கிழவர்கள், தகராறு செய்துகொண்டு வந்து உட்கார்ந்திருந்த ஒரு புருஷன் பெண்டாட்டி எல்லோரும் ஆளுக்கொரு துண்டு தின்றார்கள். யார் செய்தது என்று எல்லோரும் கேட்டார்கள். மிராந்தெலா எங்கே இருக்கிறது என்று துவார்த்தே மேசைமேல் தக்காளிக் குழம்பால் படம் வரைந்து காட்டினான். அவனுக்குத் தன் அம்மாவை அப்போதுதான் முதன்முதலாகத் தெரிந்ததுபோல் இருந்தது. அவள் போகாத நாட்டில், அவள் பார்க்காத பத்துப் பேர் அவள் கைமணத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பாசெலில் அபீலியோ பொட்டலத்தை வாங்கியதும் கையிலேயே எடை பார்த்தார்.

"கிராசா எடை குறைக்கிற ஆளில்லையே."

துவார்த்தே பிளாமெனைப் பார்த்தான். அப்போது வாயே திறக்கக் கூடாத பிளாமென், வழியில் கற்றுக்கொண்ட போர்ச்சுகீசியத்தில் இரண்டே வார்த்தை சொன்னான். "நான் தின்னேன்."

நண்பனைக் காப்பாற்றத்தான் சொன்னான். ஆனால் அபீலியோ துள்ளிவிட்டார். ஃபின்லாந்துக்காரப் பையன் நம்ம பாஷை பேசுகிறான் என்று உடனே மிராந்தெலாவுக்குப் போன் போட்டார். அம்மா யூஹானியைக் கேட்டாள். யூஹானி போனைக் காதில் வைத்துக்கொண்டு, தெரிந்த அதே இரண்டு வார்த்தையை இன்னும் இரண்டு தடவை சொன்னான். பிள்ளை என்ன வெள்ளந்தியாகப் பேசுகிறான் என்று அம்மா உருகிவிட்டாள். இனி ஞாயிறுதோறும் அவனோடு பேசவேண்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பிளாமென் போர்ச்சுகீசியம் படித்தாகவேண்டும். துவார்த்தே ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் சொல்லிக்கொடுத்தான், பதிலுக்கு பிளாமென் அவனுடைய பிரெஞ்சு உச்சரிப்பைத் தட்டிச் சரிசெய்தான். இரண்டு பேரும் கத்திக் கத்திப் படித்ததில் மாடியே விழித்துக்கொண்டு எட்டிப்பார்த்தது. பார்த்தவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பொட்டலம் வரும் நாளில் இன்னும் அதிகமாக உட்கார்ந்தார்கள்.

இதற்கிடையே துவார்த்தேயின் மனசாட்சி ஒரு வழி கண்டுபிடித்தது. சொன்ன பொய்களை உண்மையாக்கிவிட்டால் பொய் சொன்னதாக ஆகாது அல்லவா? ஓய்வான ஞாயிறுகளில் பிளாமெனை இழுத்துக்கொண்டு போய் ஃப்ரைபுர்க்கைப் பார்த்தான், தெருவோரம் ஓடும் சின்ன வாய்க்காலில் ஒரு காலை நனைத்துக்கொண்டான். கொல்மார் பார்த்தான். ஹைடல்பெர்க்கில் கடைசி ரயிலைத் தவறவிட்டு, ஓர் ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார் வீட்டு ஹாலில் தூங்கி எழுந்தான். திங்கட்கிழமை வகுப்பில் மற்றவர்கள் ஷூ லேஸைப் பார்த்தார்கள், அவன் பேசிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது பொட்டலம் சுவிட்சர்லாந்திலேயே நோஷாத்தெல் என்ற ஊரில் இருக்கும் இதாலினாவுக்கு. அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபது பேரை மேய்ப்பவள். ஊர் முழுக்கப் பனிமூட்டம், ஏரி எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. இதாலினா பொட்டலத்தை வாங்கிவைத்துவிட்டு, சாப்பாடு அப்புறம், முதலில் மேலே போய்வாருங்கள் என்று இரண்டு பேரையும் மலையேறும் ரயிலில் ஏற்றிவிட்டாள்.

மேலே போகப்போக மூட்டம் வெளுத்தது. சட்டென்று வெயில். காலுக்குக் கீழே பஞ்சுக் கடல், அதற்கு அந்தப் பக்கம் ஆல்ப்ஸ் மலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெள்ளையாக உட்கார்ந்திருந்தது.  துவார்த்தே அங்கேயே நின்று, ஊரை விட்டு வந்தபிறகு முதன்முறையாகத் தானே எடுத்த ஒரு போட்டோவை அம்மாவுக்கு அனுப்பினான். 

பதில் உடனே வந்தது.

"அழகா இருக்கு. ஆனா இது இன்டர்நெட்ல எடுத்ததுதானே? நீயே எடுத்தத அனுப்பு, கண்ணு."

அவன் எத்தனை சொல்லியும் அவள் நம்பவில்லை. அரைக்கைச் சட்டை ஐஸ்கிரீமை நம்பியவள் ஆல்ப்ஸ் மலையை நம்ப மறுத்தாள். கடைசியில் கீழே இறங்கி வந்த பிறகு இதாலினா போனை வாங்கிச் சத்தியம் செய்யவேண்டியிருந்தது. சத்தியம் செய்த கையோடு, கிறிஸ்துமஸுக்கு யூஹானியையும் ஊருக்குக் கூட்டி வரச்சொல் என்று அம்மா சொன்ன செய்தியையும் சேர்த்துச் சொன்னாள்.

துவார்த்தேக்கு மலை, வெயில் எல்லாம் மறந்துபோயிற்று. போனில் யூஹானி இருக்கலாம், எஷ்ஷில் ஒரு சாயங்காலம் இருக்கலாம். அம்மாவின் மேசையில், அம்மாவின் சூப்புக்கு முன்னால், அம்மாவின் கண்ணுக்கு நேராக யூஹானி எப்படி இருப்பான்?

வேண்டாம், யூஹானி வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தார்கள். அம்மா ஏற்கெனவே யூஹானிக்குக் கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்திருந்தாள். தோள் அளவை சுல்மீராவிடம் கேட்டிருந்தாளாம்.

"யூஹானி செத்துட்டான்னு சொல்லிடுடா" என்றான் பிளாமென்.

"அம்மா ஏழாம் நாள் பூசைக்குக் குடுத்து, ஊரையே கூப்பிடுவாங்க."

வேறு வழியில்லை. உண்மையைச் சொல்வது என்று துவார்த்தே முடிவுசெய்தான். அறையில் நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தான். அம்மா, நான் எங்கேயும் போகவில்லை, அறையிலேயே கிடந்தேன் என்று ஆரம்பித்தான். பாதியில் நின்றுவிட்டான். அது பொய்யாயிற்றே. ஃப்ரைபுர்க் போயிருக்கிறான், கொல்மார் போயிருக்கிறான், இரண்டு நாட்டில் மூன்று வீட்டில் உண்டிருக்கிறான். எனக்கு நண்பர்களே இல்லை என்று சொல்லிப்பார்த்தான். அந்த நேரம் அறையில் அவன் கட்டில்மேல் பிளாமெனும் வேறு நாலு பேரும் உட்கார்ந்து ஒத்திகைக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒப்புக்கொள்ளத் தேடினால் மிஞ்சியது யூஹானி என்ற பேர் ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றே அவன் நெஞ்சில் கனத்தது. சாசேஜ் விற்று அனுப்பியவளை வாரக்கணக்கில் ஏமாற்றியிருக்கிறான். யூஹானியை அவள் ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை. அந்த நம்பிக்கையை நினைக்கும்போது அவனுக்குத் தன்மேலேயே கூச்சமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக அந்த வேனிலேயே இரண்டு இடம் சொல்லிவைத்திருந்தாள் அம்மா. புறப்படும் நாள் காலையில் இருவரும் பெட்டியோடு தொமீங்கோஸின் கடைக்குப் போனார்கள். வாசலில் வேன் நின்றது. வாராவாரம் பொட்டலத்தை மட்டும் பார்த்தவன், வண்டியையும் வண்டிக்காரரையும் அன்றுதான் பார்த்தான். வயசானவர் என்று அம்மா சொன்னதற்கு மாறாக, நாற்பது வயதில் மரம்போல இருந்தார். பெயர் ஒராசியோ. பெட்டிகளை ஒற்றைக் கையில் வாங்கிக் கூரைமேல் போட்டார்.

வண்டி கிளம்புவதற்குள் மனதில் இருப்பதை யாரிடமாவது இறக்கிவைக்கவேண்டும்போல் இருந்தது துவார்த்தேக்கு. வண்டிக்காரரிடமே சொன்னான். தான் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டதாகவும், இவன் யூஹானி இல்லை, பல்கேரியாக்காரன் பிளாமென் என்றும், போனதும் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கப்போவதாகவும் சொன்னான். ஒராசியோ கயிற்றை இறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு வேனின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே முதல் வரிசையில், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, ஞானத்தகப்பன் அபீலியோ குறட்டைவிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இதாலினா, எழுந்து கையாட்டினாள். பக்கத்தில் ஓர் இருக்கையில், எஷ்ஷில் ஏறப்போகும் சுல்மீராவுக்கு என்று துண்டு போட்டு வைத்திருந்தது.

துவார்த்தே அவர்களையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தான். இந்த வண்டி ஸ்ட்ராஸ்பூர்க்கோடு திரும்பிவிடும் என்றல்லவா அம்மா சொன்னாள் என்று கேட்டான்.

ஒராசியோவுக்கு அடக்கிவைத்திருந்த வருத்தம் பொங்கிவிட்டது.

"எஷ், பாசெல், நோஷாத்தெல் எல்லாம் நான் வாராவாரம் போற வழிதான் தம்பி; 'அந்த வீட்டுப் பொட்டலத்தையெல்லாம் ஸ்ட்ராஸ்பூர்க்லயே இறக்கிடு, எம்புள்ள கட்டிலை விட்டு எந்திரிக்கட்டும்'னு உங்கம்மா சொன்னதுலருந்து எனக்கு மூணு வீட்டு சூப்பும் போச்சு."